நெல்வயல் நாகங்கள்

தமிழில் நாகப்பாம்புக்கு நல்ல பாம்பு என்று பெயர். கடித்தால் ஆளைக் கொல்லும் பிராணிக்கு எதற்கு இத்தனை மரியாதை என்று நம்மில் யாரும் யோசிப்பதில்லை. பிலிப்பைன்ஸில் நிலைமை வேறு. தகாலோக் மொழியில் பாம்புக்கு ‘ஆஹாஸ்’ என்று பெயர். மனிதரைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொன்னால் அது வசவு. கூட இருந்தே குழி பறிப்பவன், நண்பனின் காதலியைத் தட்டிக்கொண்டு போகிறவன், ஜெயித்த மறுநாள் கட்சி மாறுகிறவன் எல்லோரும் ஆஹாஸ்தான்.

ஐந்து வயதிலிருந்து பத்து வயது வரை, அதாவது 1981லிருந்து 1986 வரை, நான் பாம்புப் பாடம் படித்தது இந்த இரண்டு மொழிகளிலும்தான். ஒரே நேரத்தில்.

மணிலாவுக்குத் தெற்கே 60 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, லகுனா மாகாணத்தில் இருக்கிறது லாஸ் பானியோஸ். ஒரு பக்கம் மகிலிங் மலை, இன்னொரு பக்கம் பெரிய ஏரி, நடுவில் நெல்வயல்கள். சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 1960ல் இங்கேதான் தொடங்கப்பட்டது. 1966ல் இங்கிருந்து வெளிவந்த ஐ.ஆர்.8ஐ தஞ்சாவூர் மிராசுதாரர்களிலிருந்து கூலிக்காரர்கள் வரை எல்லோருக்கும் தெரியும். எம்.எஸ். சுவாமிநாதன் 1982லிருந்து 1988 வரை அதன் தலைவராக இருந்தார். தமிழ்க் குரல்கள் அங்கே அப்போது அபூர்வமல்ல. அப்பா ஆராய்ச்சிப் பட்டத்துக்காக உதவித்தொகையில் போனவர். உதவித்தொகைக்காரர்களுக்கு விஞ்ஞானிகளின் பங்களா கட்டுப்படியாகாது. வயல் ஓரத்து கிராமத்தில் ஒரு மரவீடு வாடகைக்குக் கிடைத்தது. கிராமத்தை அங்கே ‘பரங்காய்’ என்பார்கள். முதல் நாள் அம்மா அதைப் பறங்கிக்காய் என்று நினைத்துக் கொண்டு, கிலோ என்ன விலை என்று கேட்டாளாம்.

எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பாட்டி. பாட்டிக்கு அங்கே ‘லோலா’. அண்ணனுக்கு ‘கூயா’, அக்காவுக்கு ‘ஆத்தே’. பெயர் சொல்லிக் கூப்பிடுவது மரியாதை இல்லை என்பதில் அவர்களும் நம்மைப் போலத்தான். லோலாவின் வீடு மூங்கில் கால்கள்மேல் நிற்கும் ஓலை வீடு. தரையும் மூங்கில் பட்டைதான். இடுக்கு வழியாகக் கீழே கோழி மேய்வது தெரியும். புயல் காலத்தில் வெள்ளம் வந்தால் அதே இடுக்கு வழியாக வேறு சிலதும் தெரியும்.

லோலாதான் எனக்குப் பாம்புகளின் பெயர்களைச் சொல்லிக் கொடுத்தவள். ‘ஸவா’ என்றால் மலைப்பாம்பு. ‘தாஹோங் பாலாய்’ என்றால் நெல் இலை. அதே பச்சை நிறத்தில் இருக்கும் பாம்புக்கும் அதே பெயர். கடித்தால் ஏழு அடி நடக்க முடியாது என்று சத்தியம் செய்வாள். பிற்பாடு படித்துப் பார்த்தால், அந்தப் பெயரை அங்கே பச்சையாக ஊர்கிற எல்லாவற்றுக்கும் வைத்திருக்கிறார்கள். ஆளைக் கொல்லாத கொடிப்பாம்பும் அதில் அடக்கம், பல்லில் நிஜ விஷம் உள்ள பச்சை விரியனும் அடக்கம். நான்காவது பெயரைச் சொல்லும்போது மட்டும் லோலாவின் குரல் இறங்கிவிடும். ‘உலுப்போங்’. நாகம்.

லூசான் தீவிலும் அதைச் சுற்றியுள்ள சில தீவுகளிலும் வாழும் இந்த நாகம் நம்முடையதைவிடக் குட்டை, நிறம் பழுப்பு, படத்தில் கண்ணாடிக் குறி கிடையாது. நாக இனங்களில் மிக வீரியமான விஷம் உள்ளவற்றில் ஒன்று. தவிர, இது துப்பும். மூன்று மீட்டர் தூரம் வரை, குறி பார்த்துக் கண்ணில். லோலாவின் நாய் ஒருமுறை மரக்கட்டை அடுக்கின் அருகே குரைத்துக் கொண்டிருந்தது, திடீரென்று முகத்தை மண்ணில் தேய்த்துக்கொண்டு ஊளையிட்டது. லோலா அதைக் காலிடுக்கில் பிடித்துக்கொண்டு குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினாள். ஒரு கண் பிழைத்தது. மருத்துவப் புத்தகம் சொல்லும் முதலுதவியும் அதுதான்: தாமதிக்காமல் நிறையத் தண்ணீர்.

எங்கள் கொல்லையில் ஒரு கரையான் புற்று இருந்தது. அம்மாவுக்கு அதைப் பார்த்ததும் ஊர் நினைவு வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை காலையில் குளித்துவிட்டு, டின் பாலைக் கரைத்து எடுத்துக்கொண்டு போனாள். லோலா வேலியைத் தாண்டி ஓடிவந்து கையைப் பிடித்தாள். புற்றுக்கு அங்கே ‘புன்ஸோ’ என்று பெயர். அதற்குள் ‘நூனோ’ என்ற குள்ளக் கிழவன் குடியிருக்கிறான். கேட்காமல் காலை வைத்தாலோ, எதையாவது கொட்டினாலோ அவன் கோபித்துக்கொள்வான், கால் வீங்கும், காய்ச்சல் வரும். அதனால் அவ்வழியே போகிறவர்கள் ‘தாபி தாபி போ’ என்று சொல்லிக்கொண்டு போக வேண்டும். கொஞ்சம் ஒதுங்கிக்கங்க என்று அர்த்தம். அந்தப் ‘போ’ நம்முடைய ‘ங்க’ மாதிரி, மரியாதைக்குச் சேர்ப்பது.

அம்மா யோசித்தாள். இரண்டு பேருமே புற்றுக்குள் யாரோ இருக்கிறார்கள் என்கிறார்கள். யார் என்பதில்தான் தகராறு. மறுவாரம் முதல் அம்மா தாபி தாபி போ என்று மூன்று முறை சொல்லிவிட்டு, பிறகு நாகராஜாவுக்குப் பால் ஊற்றினாள். லோலாவும் எதிர்ப்பை விலக்கிக்கொண்டாள். அப்பா மட்டும், பாம்பு பால் குடிக்காது, எலிதான் தின்னும், வயலில் எலி எவ்வளவு நெல்லைத் தின்கிறது தெரியுமா என்று வழக்கம்போல ஆரம்பித்தார். இரண்டு பெண்களும் அதைக் காதில் வாங்கவில்லை.

அதே லோலா ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் முழங்காலிட்டுக் கும்பிடுவது பாம்பின் தலைமேல் கால் வைத்து நிற்கும் மேரியை. எனக்கு அது குழப்பமாக இருந்தது. நம் கிருஷ்ணனும் காளிங்கன் தலையில் ஏறி ஆடுகிறான், ஆனால் அவனைப் பிழைத்துப் போகவிடுகிறான். இந்த மாதா விடுவதாகத் தெரியவில்லை. வாடகைக்குக் கிடைக்கும் சித்திரக்கதைப் புத்தகங்களிலும் பாம்புக்கு நல்ல பெயர் இல்லை. மார்ஸ் ரவேலோ 1950ல் உருவாக்கிய டார்னா என்ற பறக்கும் வீராங்கனைக்கு வலென்டினா என்று ஒரு எதிரி. அவள் தலையில் முடிக்குப் பதில் பாம்புகள். 1985ல் வந்த ‘ஸூமா’ படத்தில் ஒரு பச்சை மனிதன் தோளிலேயே இரட்டைத் தலைப் பாம்போடு வந்தான். மணிலாவின் பெரிய கடை ஒன்றில் உடை மாற்றும் அறைக்குக் கீழே முதலாளியின் பாம்புக் குழந்தை வளர்கிறது, அழகான பெண்கள் உள்ளே போனால் தரை திறந்துகொள்ளும் என்ற வதந்தி நாங்கள் கிளம்பிய பிறகு நாடெங்கும் பரவியது. அதை இன்றும் நம்புகிறவர்கள் உண்டு.

மலைப்பாம்பு விஷயத்தில் மட்டும் பயத்தைவிட எரிச்சல்தான் அதிகம். உலகத்திலேயே நீளமான பாம்பு இனம், ஆறு மீட்டருக்கு மேல் வளரும். கோழிக்கூண்டுக்குள் போய்ச் சாப்பிட்டுவிட்டு, வயிறு உப்பியதால் திரும்பி வர முடியாமல் மாட்டிக்கொள்ளும். காலையில் பிடித்துச் சாக்கில் கட்டிவிடுவார்கள். ஆனால் வடக்கே ஸியர்ரா மாட்ரே மலைக்காட்டில் வாழும் ஆக்தா பழங்குடியினருக்கு அது வேடிக்கையல்ல. 1962லிருந்து அவர்களோடு பழகிய மானுடவியலாளர் தாமஸ் ஹெட்லண்ட் எடுத்த கணக்கு 2011ல் வெளியானது. வயது வந்த ஆக்தா ஆண்களில் 26 சதவீதம் பேர் மலைப்பாம்பின் தாக்குதலில் சிக்கித் தப்பியவர்கள். 1934க்கும் 1973க்கும் இடையே ஆறு பேர் இறந்திருக்கிறார்கள். ஆக்தாக்களும் மலைப்பாம்பைத் தின்பவர்கள்தான். காட்டில் ஒரே மான், ஒரே பன்றிக்கு இரண்டு தரப்பும் போட்டி. மனிதனுக்கும் பாம்புக்கும் உள்ள பழைய கணக்கு அது.

1982 டிசம்பர் 30 அந்த நாட்டுக்கு ரிசால் தினம், விடுமுறை. எங்களுக்கு மார்கழிப் பௌர்ணமி. அன்று மாலை நிலா எழும்போதே கிரகணம் பிடிக்க ஆரம்பித்துவிட்டது. ஏழு மணிக்கு முழுக்க மறைந்தது. அம்மா அடுப்பை அணைத்துவிட்டு எங்களை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினாள். வெளியே தெருப்பிள்ளைகள் தகரத்தையும் சட்டியையும் தட்டிக்கொண்டு ஓடினார்கள். ஜன்னலுக்கு வெளியே லோலா வானத்தைக் காட்டி, “லாஹோ, லாஹோ” என்றாள். அம்மா கதவைத் திறந்துவிட்டாள். “என்ன சொன்னீங்க?” லாஹோ என்றால் நிலாவை விழுங்கும் பாம்பு, சத்தம் போட்டால் துப்பிவிடும் என்று லோலா விளக்கினாள். ராகுதான் அது. மலாய் நாடுகள் வழியாகப் போன சமஸ்கிருதச் சொல் அங்கே லாஹோ ஆகியிருக்கிறது என்பது மொழியியலாளர்கள் சொல்வது. இன்றைய தகாலோக்கில் அதற்குக் காணாமல் போவது என்றும் அர்த்தம். விசயாஸ் தீவுகளில் அதே நிலா தின்னிக்கு ‘பாகுனாவா’ என்று பெயர். அன்றிரவு அம்மா எங்கள் வீட்டுப் பித்தளைத் தாம்பாளத்தையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். நிலா திரும்பி வந்ததில் எங்களுக்கும் பங்கு உண்டு.

எல்லாக் கதையும் இப்படி முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

1983 அறுவடையில், எங்கள் வீட்டில் துணி துவைத்துக் கொடுத்த ஆத்தேயின் கணவரை நாகம் கடித்தது. அறுத்துப் போட்ட அரியை அள்ளும்போது கையில் கடித்திருக்கிறது. நடந்தேதான் வந்தார். கையைக் காட்டினார். இரண்டு புள்ளி, எறும்பு கடித்த மாதிரி. வீக்கமே இல்லை. நம்மூரில் நாகம் கடித்தால் கை கால் பொங்கி வீங்கிவிடும். அதைப் பார்த்துப் பழகிய அம்மாகூட விஷம் ஏறவில்லை என்றே நினைத்தாள். வைத்தியர் வந்தார். அவர்களுக்கு ‘அல்புலாரியோ’ என்று பெயர். ‘தாந்தோக்’ என்ற கருக்கிய மான்கொம்புத் துண்டைக் கடிவாயில் வைத்தார். அது ஒட்டிக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் விழுந்தது. விஷம் முழுக்க வந்துவிட்டது என்றார். எல்லோருக்கும் மூச்சு வந்தது. கடிபட்டவர் திண்ணையில் சாய்ந்து சிகரெட் பற்ற வைத்தார். கண்ணைச் சொருகுகிறது என்றார். காலையிலிருந்து வெயிலில் நின்றவர், களைப்பு என்றார்கள். பிறகு பேச்சு மூக்கால் வந்தது. எச்சில் விழுங்க முடியவில்லை. ஜீப்னி கொண்டுவர ஆள் ஓடியது. வண்டி வருவதற்குள் மூச்சு நின்றுவிட்டது. கடித்து இரண்டு மணி நேரம் ஆகியிருக்காது.

அந்த நாகத்தின் விஷம் வேலை செய்வது அப்படித்தான். கடித்த இடத்தில் பெரிதாக எதுவும் செய்யாது. நரம்பிலிருந்து தசைக்குப் போகும் உத்தரவை வாசலிலேயே மறித்துவிடும். முதலில் இமை தொங்கும், பிறகு தாடை, நாக்கு, தொண்டை, கடைசியில் மூச்சுவிடும் தசைகள். இதயம் துடித்துக்கொண்டுதான் இருக்கும். வெறும் மூச்சு இல்லாததால் சாகிறார்கள். அந்த எண்பதுகளில் பிலிப்பைன்ஸ் நெல் விவசாயிகளிடையே நாகக் கடியை ஆராய்ந்த டாக்டர்கள், எட்ரோஃபோனியம் என்ற மருந்து கொடுத்தால் தொங்கிய இமை மீண்டும் எழுகிறது என்று கண்டு 1986ல் எழுதினார்கள். அதே குடும்பத்தைச் சேர்ந்த நியோஸ்டிக்மின் மருந்தை இந்திய ஆஸ்பத்திரிகளிலும் நாகக் கடிக்குப் போடுகிறார்கள்.

1985ல் லோலாவின் பேரன் முறை. எருமை மேல் ஏறவும் வாய்க்காலில் நீந்தவும் எனக்குக் கற்றுக்கொடுத்த கூயா. இருபது வயது. இந்தத் தடவை கணுக்காலில் கடி, வீக்கம் இல்லை. லோலா அதைப் பார்த்தாள். தாந்தோக்கை எடுத்துக்கொண்டு வந்த அல்புலாரியோவை வாசலிலேயே நிறுத்தினாள். “தாபி தாபி போ” என்றாள். புற்றுக்குச் சொல்கிற அதே வார்த்தை. கூயாவை ஜீப்னியில் ஏற்றினார்கள். அப்பாவும் ஏறிக்கொண்டார்.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது கூயாவால் கண் திறக்க முடியவில்லை. மூச்சு மேல்மூச்சாக இருந்தது. செயற்கை சுவாச இயந்திரம் அங்கே இல்லை. டாக்டர் தொண்டையில் குழாயை இறக்கி, நுனியில் ஒரு ரப்பர் பையைப் பொருத்தி, குடும்பத்தாரிடம் கொடுத்தார். அழுத்தினால் மூச்சு, விட்டால் வெளிமூச்சு. நிறுத்தினால் போயிற்று. ஆள் மாற்றி ஆள் அழுத்தினார்கள். விஷமுறிவு மருந்துக்கு ஒருவர் மணிலா பக்கம் ஓடினார். இரவு இரண்டு மணியிலிருந்து நான்கு வரை அப்பாவின் முறை. தூங்கிவிடாமல் இருக்க அவர் எண்ணிக்கொண்டே அழுத்தினாராம். ஒண்ணு, ரெண்டு, மூணு, அழுத்து.

கூயா அசையவே இல்லை. கிள்ளினாலும் அசைவில்லை. உறவினர்கள் கட்டிலைச் சுற்றி நின்று, நடக்கப் போவதைத் தாழ்ந்த குரலில் பேசி முடிவு செய்தார்கள். சவப்பெட்டி எந்தக் கடையில் மலிவு, எந்த மரம், கடன் யார் தருவார்கள்.

மறுநாள் மருந்து ஏறியது. மூன்றாம் நாள் இமை அசைந்தது. குழாயை எடுத்ததும் கூயா கரகரத்த குரலில் கேட்ட முதல் கேள்வி: “என் பெட்டிக்கு மட்டும் ஏன் அவ்வளவு மட்டமான மரம்?”

அவனுக்கு எல்லாமே கேட்டிருக்கிறது. இந்த விஷம் தசையைத்தான் கட்டிப் போடும், மூளையைத் தொடாது. கண் திறக்க முடியாமல், விரல் அசைக்க முடியாமல், தன் சாவுச் செலவை அவன் முழுக்கக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தான். உறவினர்கள் வெட்கத்தில் அழுதார்கள், பிறகு சிரித்தார்கள். அப்பா வீட்டுக்கு வந்து சொன்னபோது அம்மா சிரிக்கவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் செத்தவரைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது. திண்ணையில் அவருக்கும் கடைசி வரை கேட்டிருக்கும்.

மார்க்கோஸ் நாட்டைவிட்டு ஓடிய 1986ல் நாங்களும் கிளம்பினோம். ஊர்க்காரர்கள் அவரையும் ஆஹாஸ் என்றுதான் திட்டினார்கள். அந்தப் பிராணிக்கு இது தேவையில்லாத அவமானம்.

பிலிப்பைன்ஸ் நாகத்துக்கான முறிவு மருந்து தயாராவது அலாபாங்கில் உள்ள வெப்பமண்டல மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில். லாஸ் பானியோஸிலிருந்து மணிலா போகும் வழியில்தான் இருக்கிறது. குதிரைக்குச் சிறிது சிறிதாக விஷம் ஏற்றி, அதன் ரத்தத்திலிருந்து எடுக்கும் மருந்து. அந்த நாடு தயாரிப்பது அந்த ஒரே இனத்துக்குத்தான். தெற்குத் தீவுகளில் வேறு நாகம், பலவானில் இன்னொன்று. நம் நாட்டு மருந்தை அங்கே கொண்டுபோய்ப் பயனில்லை. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கு எதிராகத் தயாரிக்கப்பட்டது நம்முடையது. அதற்கான விஷத்தில் பெரும் பங்கை, சென்னைக்குத் தெற்கே 1978ல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துத் தருகிறது. ஒரு நாட்டு விஷத்துக்கு அந்த நாட்டு மருந்து. அது கிராமத்துக்குப் பக்கத்தில், கெடாமல், கையில் இருக்க வேண்டும்.

அங்கேயும் இங்கேயும் சிக்கல் அதில்தான். பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் உலக சுகாதார நிறுவனம் சேர்த்ததே 2017ல்தான். இந்தியாவில் 2000லிருந்து 2019க்குள் பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம், வருஷத்துக்கு சராசரி 58,000 என்று ஒரு விரிவான ஆய்வு மதிப்பிட்டிருக்கிறது. பெரும்பாலும் கிராமத்தில், மழைக்காலத்தில், வயல் வேலையில். 2030க்குள் இதைப் பாதியாக்க மத்திய அரசு 2024ல் ஒரு செயல்திட்டம் வெளியிட்டது. பணக்காரர்களை அடிக்கடி கடித்திருந்தால் பாம்பு இதை 50 வருஷம் முன்பே சாதித்திருக்கும்.

2014ல் ஒரு வேலையாக மணிலா போனவன், ஒரு நாள் ஒதுக்கி அந்தக் கிராமத்துக்குப் போனேன். லோலா இல்லை. புற்று இருந்த இடத்தில் சிமென்ட் வீடு. கூயாவுக்கு ஐம்பது நெருங்குகிறது. இன்னமும் நெல்தான் போடுகிறான், ஆனால் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு. யாரையாவது பாம்பு கடித்தால் முதலில் கூப்பிடுவது அவனைத்தான். கீறாதே, கயிற்றால் இறுக்கிக் கட்டாதே, அசையாமல் படுக்க வை, வண்டி எடு என்று நான்கே வார்த்தை சொல்வானாம். ஆஸ்பத்திரிக்குக் கூடவே போவான். நோயாளி கண் மூடிவிட்டால் தலைமாட்டில் உட்கார்ந்து காதருகே பேசிக்கொண்டே இருப்பான். மழை எப்படி, யார் வந்திருக்கிறார்கள், மணி என்ன. சவப்பெட்டி என்ற வார்த்தையை அந்த அறைக்குள் யாரையும் சொல்ல விடமாட்டான்.

எனக்கும் அவனுக்கும் பொதுவாக மிஞ்சியிருந்த தகாலோக் கொஞ்சம்தான். விடைபெறும்போது ஜீப்னி வரை வந்தான். அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டான். இருக்கிறார், வயதாகிவிட்டது என்றேன். தனக்கும் கொஞ்சம் தமிழ் தெரியும் என்றான்.

பிறகு ஒரு கையை விரித்து மூடிக்கொண்டே சொல்லிக் காட்டினான்: “ஒண்ணு, ரெண்டு, மூணு.”